சுங்கானை வெள்ளையாக்கியது நான்

அஸ்ஸலாமு அலைக்கும் மகன்.

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. சுகத்தை நேற்று ஃபோனில் கேட்டேன், நீயும் நல்ல சுகம் என்றாய், அது போதும். அதற்குப் பிறகு நீ கேட்ட ஒன்றுக்குத்தான் பதில் எழுதுகிறேன். "உம்மா, வாப்பாட சுங்கான் ஒங்களுக்கிட்டத்தானே இரிக்கி? கலியாணம் முடிச்சி மருதமுனைக்குப் போகக்குள்ள நான் கொண்டு போறன்" என்றாய். எதுக்கு மகன் என்றேன். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "அலுமாரியில வெச்சிப் பாக்கத்தான். பொண்டாட்டிக்கு ஒரு சொல்லக் குடுத்திட்டு, வாப்பா மாதிரி நானும் அதுக்கு வெள்ளையடிச்சிரக் கூடாதுதானே." அடுப்பில் சோறு கிடக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டேன். சோற்றை வடித்து இறக்கி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்தப் பொய்யையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசயம் இதுதான். வாப்பா புகையிலை போட்டு இழுத்த அந்தச் சுங்கானை வெள்ளையாக்கியது அவர் இல்லை, நான். வாப்பா உனக்குத் தந்த வாக்கை மாற்றுவதற்காகச் செய்தார் என்று நீ பதினொரு வருசமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். நம்பட்டும் என்று அவரும் விட்டார், நானும் விட்டேன். அவர் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் விட்டதற்கு இருந்த காரணம் அவ்வளவு நல்லதல்ல. ஃபோனில் இதைச் சொன்னால் நீ நடுவில் கதைப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். மிச்சத் தமிழை உன் பாடப் புத்தகங்களில் நீ படித்து முடித்த பிறகு படித்தேன். அதனால் எழுத்தில் பிழை இருக்கும், விசயத்தில் இருக்காது. எனக்கு எதையும் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு என்று உனக்குத் தெரியும். விட்டுப்போய்க் கழாவான நோன்புகளைக்கூட வருசவாரியாக எழுதி, பிடிக்கப் பிடிக்க வெட்டிக்கொண்டு வருகிறவள். இந்த விசயத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அந்தச் சுங்கான் எங்கள் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்தவர்களோடு துருக்கிக்காரர் ஒருவர் வந்தார், இஞ்சினியர். வாப்பா அங்கே மேசன் பாஸ், கொத்து வேலைக்காரர். சவூதியில் இருந்த நாலு வருசத்தில் வாப்பா பொறுக்கிய அரபும், அந்த மனிதர் ஓதக் கற்ற அரபும் சேர்ந்து இரண்டு பேருக்கும் கதைக்கப் போதுமாக இருந்தது. வேலை முடிந்து ஊருக்குப் போகிற அன்று அவர் இந்தச் சுங்கானைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஊரில் நிலத்துக்குள் இருந்து வெட்டி எடுக்கிற கல்லாம். கையில் எடுத்தால் கல்லென்று சொல்ல முடியாத இலேசு, தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெளியூர்களில் அதற்குக் கடல் நுரை என்று பெயராம். அந்தப் பெயரை வாப்பா வீட்டுக்குள் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் சாய்ந்தமருதில் யாரும் கடல் என்ற சொல்லை வீணாக வாயில் எடுக்கமாட்டார்கள். வாப்பா அதை வெள்ளைக் கல்லு என்றுதான் சொல்வார். முட்டைக் கோது மாதிரி வெள்ளை. பக்கத்தில் ஒரு பூவும் இரண்டு இலையும் செதுக்கியிருந்தது.

அந்தக் கல்லுக்கு ஒரு குணம். புகையை அது குடிக்கும். குடித்ததை உள்ளேயே வைத்திருக்காமல் மெல்ல மெல்ல வெளியே நிறமாகக் காட்டும். மேலே தேன்மெழுகு பூசியிருப்பார்கள், அந்த மெழுகுதான் நிறத்தை வெளியே இழுக்கிறது என்று துருக்கிக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவசரப்படுத்த முடியாது. ஒருதரம் புகைத்தால் அது முழுக்க ஆற வேண்டும், ஆறுமுன் மறுபடி பற்றவைத்தால் கல் வெடித்துப்போகும். சூட்டோடு விரலால் தொட்டால் அந்த இடத்தில் நிறம் ஏறாது, தண்டைத்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் காட்டவே கூடாது. காய்ந்த சீலையால் துடைக்கலாம், அவ்வளவுதான். நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் குடித்துக்கொண்டிருந்த மனிதர், கல் ஆற வேண்டும் என்பதற்காக நாளுக்கு ஒரு தரம், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, என்று வந்து நின்றார். சிகரட்டை அதோடு தொடவில்லை. நான் நோன்புக்கு நோன்பு சண்டை பிடித்தும் நடக்காத ஒன்றை ஒரு கல் செய்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் ஆறேழு மாசம் கல்லில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்டு சேருகிற கழுத்தில் ஆடை படிந்த பால் மாதிரி ஒரு மங்கல். அது அடிப்பக்கம் இறங்கி, முதிரைப் பலகை மாதிரி மஞ்சளாகி, அப்புறம் பிளேன்டீ நிறம் வந்து, கழுத்து மட்டும் கித்துள் பாணி மாதிரிக் கறுத்தது. நிறம் கீழே இருந்து மேலே ஏறும். வாய் விளிம்புதான் கடைசியில் மாறும். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும் நீங்கள் இரண்டு பேரும் யன்னலடியில் நின்று அதைப் பார்ப்பீர்கள். நீ ஒரு நெல்லை எடுத்து விளிம்பில் வைத்து, "இன்னும் நாலு நெல்லு வெள்ளை இரிக்கி வாப்பா" என்பாய். அவர் "பொறு மகன், பழுத்து வரட்டும்" என்பார். எனக்கு அது வாப்பாவும் மகனும் விளையாடுகிற ஒரு விளையாட்டு. அதற்குள் ஒரு வாக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

பத்து வயதில் நீ பள்ளிக்கூடத்தில் புகை பிடித்துக் கரிந்துபோன நுரையீரலின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் கிடந்தாயாம். வாப்பா உன்னைக் கூட்டிப்போய், "இந்தக் கல்லு வாய் வரைக்கும் பழுக்கட்டும் மகன். அண்டைக்கு வெச்சிட்டு எழும்பிருவன், பொறகு தொடமாட்டன்" என்று சொன்னாராம். "உம்மாக்கிட்டச் சொல்லாத. அவக்கு நான் குடுத்த சொல்லெல்லாம் உடைஞ்சி கிடக்கு. இத முடிச்சிக் காட்டுவம்" என்றாராம். நீயும் எட்டு வருசம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பழுப்பு என்ற சொல் ஆண்களின் காதில் எப்படி விழுகிறதோ எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுப் பெண்ணின் காதில் அது குறையாகத்தான் விழும். கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் கேட்ட சொல் அது. ஜும்ஆவுக்குப் போடுகிற சேட்டு பழுப்பேறிட்டு புள்ள. தொப்பி பழுப்பேறிட்டு. பிறகு உன் பள்ளிக்கூட வெள்ளைக் காற்சட்டை. பழுப்பேறிட்டு என்றால் நீ சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம், நீலம் போடவில்லை என்று அர்த்தம். இந்த மனிதர் சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இஞ்ச பாரு புள்ள, நல்லாப் பழுப்பேறிட்டு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அவர் சந்தோசத்தில் சொன்னார். எனக்கு அது முறைப்பாடாகக் கேட்டது. நீ வேறு, "கொஞ்சந்தான் வெள்ளை மிச்சம் இரிக்கி" என்பாய். அதுவும் கவலைப்பட்டுச் சொல்கிற மாதிரித்தான் எனக்குப் பட்டது.

ஷஃபான் கடைசி வாரம். நோன்பு வரப்போகிறது என்று ஊரெல்லாம் வீடு கழுவுகிற காலம். எங்கள் வீட்டிலும் என் தம்பி, உன் மாமா, வந்து நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். நான் திரைச்சீலை, பாய், தொழுகிற முசல்லா எல்லாவற்றையும் கழுவி முடித்தேன். மேசையில் இது கிடந்தது. வாப்பா வேலைக்குப் போயிருந்தார், நீ கல்முனையில் பரீட்சை வகுப்பில், மாமா வெளியே முன்சுவரில். வருசம் முழுக்கக் கேட்ட சொல், இதையும் கழுவிக் கொடுத்தால் நோன்புக்கு மனம் சந்தோசப்படும் என்று நினைத்தேன். வெளுக்கிற தூளும் சவர்க்காரத் தூளும் கரைத்து முக்கினேன். அது மிதந்தது. ஒரு பீங்கானைக் கவிழ்த்து அமத்திவிட்டு ளுஹர் தொழுதேன். தொழுதுவிட்டு வந்து எடுத்தால் கல் சவர்க்காரக் கட்டி மாதிரி மெதுமையாகியிருந்தது, நகம் பட்டாலே கீறு விழுந்தது. ஊத்தை இளகிவிட்டது என்று எனக்கு நல்ல சந்தோசம். வாப்பா வீட்டில் வைத்திருந்த பழைய வேலைப் பையில் இருந்து பலகை தேய்க்கிற கடதாசியை எடுத்துத் தேய்த்தேன். நிறம் போகப் போகப் பூவும் போனது, ஒரு இலையும் போனது. நிறுத்தவில்லை. மெழுகு போய், நிறம் போய், சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆனதை வெயிலில் காயவைத்து, சலவைத் துணி விரித்து மேசையில் வைத்தேன்.

அஸருக்குப் பிறகு வந்தவர் அதைப் பார்த்தார். "புள்ள, இது என்ன செஞ்ச?" என்றார். "கழுவின. நீங்கதானே பழுப்பேறிட்டு பழுப்பேறிட்டெண்டு ஒரே சொல்லிக்கிட்டிருந்த" என்றேன். கதிரையில் இருந்தார். சிரித்தார், சிரிப்போடு இருமலும் வந்தது. "ஓம், நான்தான் சொன்ன" என்றார். பிறகுதான் உனக்குக் கொடுத்த வாக்கை எனக்குச் சொன்னார். மிச்சம் இருந்தது இரண்டு நெல்லு அகலம். அவர் கணக்கில் அடுத்த ஹஜ் பெருநாளைக்கு முடிந்திருக்கும். "அவன்கிட்ட நான் சொல்றன்" என்றேன். "வேணாம். சோதின வருது அவனுக்கு. எட்டு வருசத்த உம்மா கழுவி ஊத்தினதெண்டா ஒன்னோட கதைக்க மாட்டான். என்னோடண்டா ரெண்டு நாள் கோவிப்பான், விட்டிருவான்" என்றார். உன்னைப் பற்றி அவர் போட்ட கணக்கில் அது ஒன்றுதான் பிழையாகப் போனது.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன் நீ வந்ததும் நடந்தது எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆரு வாப்பா இத இப்பிடிச் செஞ்ச?" என்றாய். "நான்தான் மகன், தேச்ச." மாமா ஏணியில் இருந்துகொண்டே, "நோன்புக்கு வீட்டோட சேத்து சுங்கானுக்கும் வெள்ளையடிச்சிட்டாரு மச்சான்! எனக்கு ஒரு வாளி சுண்ணாம்பு மிச்சம்" என்று சிரித்தான். அவனுக்கு வாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, பகிடிக்குச் சொன்னான். ஆனால் நீ சிரிக்கவில்லை. "முடியப் போகுதெண்டு பயந்துதானே தேச்சீங்க" என்றாய், வாப்பாவின் முகத்தைப் பார்த்து. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன். கதவுக்கும் உங்களுக்கும் ஐந்து எட்டு இருக்கும். நான் வரவில்லை. அன்று தொடங்கியதுதான் 'வெள்ளையடிச்ச பாஸ்' என்ற பெயர். கலியாண வீடு, மௌத்து வீடு என்று எங்கே கண்டாலும் மாமா அவரை அப்படித்தான் கூப்பிடுவான். அவரும் ஓம் மச்சான் என்று திரும்பிப் பார்ப்பார்.

நீ கேட்கக்கூடிய ஒன்றை நானே கேட்கிறேன். அன்றே அதை வைத்துவிட்டு எழும்பியிருக்கலாமே? நானும் கேட்டேன். "சொன்னது பழுத்தாத்தானே புள்ள. பழுக்கல்லியே" என்றார். சொறிக்கல்முனையில் தேன் எடுக்கிற ஒருவரிடம் போய் மெழுகு வாங்கிவந்து, உருக்கிப் பூசி, மறுபடி வெள்ளையில் இருந்து தொடங்கினார். அதில் வாக்கு எவ்வளவு, நப்ஸின் ஆசை எவ்வளவு என்று அல்லாஹ்தான் அறிவான். மனதின் ஒரு மூலையில் அவருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். அவரை ஒரு மகானாக, அவுலியாவாக ஆக்குவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் புகையிலைக்கு அடிமைப்பட்ட மனிதர், அதை விடப் பார்த்தவர், எட்டு வருசம் விட்டுக்கொண்டே வந்தவர். அவ்வளவையும் உள்ளபடி நீ அறிய வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இரண்டாம் முறை கல் முன்னைப்போல் நிறம் எடுக்கவில்லை. நான் தேய்த்த இடங்களில் திட்டுத் திட்டாக ஏறியது, ஒரு பக்கம் ஏறவே இல்லை. நான் மாசா மாசம் ஒரு நூலைப் பிடித்து அளந்து கொப்பியில் எழுதினேன். ரஜப், கழுத்து மட்டும். ஷவ்வால், அடியில் ஒரு விரல். அப்படி ஐந்து வருசமும் இரண்டு மாசமும். நீ கட்டாருக்குப் போனபின் ஒருநாள் மார்பு மருத்துவர் அவரிடம், இனி ஒரு இழுப்பும் கூடாது என்றார். அன்று பின்னேரம் சுங்கானை என் கையில் தந்தார். "வெச்சிரு புள்ள. இனி நீ கழுவினாலும் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். நான் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அதன் பிறகு பதினொரு மாசம் உயிரோடு இருந்தார், ஒருதரமும் கேட்கவில்லை. நீ அங்கிருந்து, கடைசி வரைக்கும் குடித்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை மகன். கல் பாதிகூடப் பழுக்காமல், சொன்ன நாளுக்கு முன்பே வைத்துவிட்டார்.

நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு நீ லீவில் வந்தாய். நான் இத்தாவில், கணவன் மௌத்தானவள் ஒதுங்கியிருக்கிற நாட்களில், உள்ளறையில். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். யாரோ வாப்பாவைப் பற்றி, சொன்ன நாளுக்கு வீடு முடித்துக் கொடுக்கிற மனிதர் என்றார்கள். நீ சொன்னாய்: "ஊரான் வீட்டுக்குத்தான் அது. எனக்குத் தந்த சொல்லுக்கு வெள்ளையடிச்சிட்டுத்தான் போனாரு." ஒருவர் மெல்லமாக, "மௌத்தானவரப் பத்தி அப்பிடிக் கதைக்காத தம்பி" என்றார். இத்தாவில் இருக்கிறவள் ஆண்கள் முன்னால் வரமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வரத்தான் முடியாது, திரைக்குள் இருந்து குரல் கொடுக்க மார்க்கம் தடுக்கவில்லை. இத்தா நாலு மாசமும் பத்து நாளும். அது முடிந்து நாலு வருசம் போய்விட்டது. தொழுகையில் அவருக்கு துஆ கேட்பேன், உனக்குக் கேட்பேன். ஆனால் ஒரு மனிதனுக்குரிய ஹக்கைப் பறித்ததை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று படித்திருக்கிறேன். அவர் இல்லை. அவருடைய பெயர் இருக்கிறது. அது உன் வாயிலும் உன் மாமா வாயிலும் அழுக்காகக் கிடக்கிறது. அந்த அழுக்கு என்னுடையது.

நீ போகப்போகிற வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி நீதான் பெண் வீட்டுக்குப் போகிறாய். அங்கே உன் சாமான் எல்லாம் இன்னொருத்தியின் கைக்குள் போகும். அவளும் நல்ல மனதோடு கழுவுவாள், அடுக்குவாள், வேண்டாததை எறிவாள். உனக்கு எது பெறுமதி என்று வாய் திறந்து சொல். முடித்துவிட்டுக் காட்டுவோம் என்று நல்லதைக்கூட அவளுக்கு ஒளிக்காதே. அவள் ஒன்றைச் சொன்னால், நீ சொல்வது குறையா நிறைவா என்று திருப்பிக் கேள். நாங்கள் இருபத்தெட்டு வருசம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். சண்டை பிடித்த நாட்களில் நாங்கள் நன்றாக விளங்கிக்கொண்டோம். சந்தோசமாக இருந்த நாட்களில்தான் கேட்காமல் விட்டோம்.

இன்று காலை மாமாவை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டான். பிறகு, "ராத்தா, எத்தின சபையில நான் அந்த மனுசன அப்பிடிக் கூப்பிட்டிருக்கன். ஒரு நாளெண்டாலும் நீங்க என்ன ஏசியிருக்கலாமே" என்றான். ஓம், ஏசியிருக்கலாம். எழும்பிப் போகும்போது செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனான். கத்தத்தன்று இருந்த மற்ற எல்லாரும் உன் நிக்காஹ்வுக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைவிட நீ சொல்வதுதான் சரி, ஏனென்றால் அவர்கள் கேட்டது உன் வாயால். என் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். உம்மாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று மழுப்பினால் பழி திரும்ப அவரிடம்தான் போகும்.

சுங்கான் என்னிடம்தான் இருக்கிறது, பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக. நீ நேற்றுச் சொன்ன காரணத்துக்கு அதை நான் தரமாட்டேன். வேறு காரணம் உனக்கு இருந்தால் வந்து கேள், தருகிறேன். நீ வருகிற அன்று எயார்போட்டில் இருந்து வேன் ஊருக்குள் வர ஸுபஹ் தொழுகை நேரம் ஆகிவிடும். முதலில் வீட்டுக்கு வராதே. பள்ளியில் தொழுதுவிட்டு வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போ. அவருக்கு ஸலாம் சொல்லு, சொல்ல வேண்டியதைச் சொல்லு. எனக்குச் சொல்ல உனக்கு என்ன இருக்கிறதோ, அதை அதற்குப் பிறகு வந்து சொல்லு. நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

உன் உம்மா